தன் பங்கை மறுத்தவர்

1938 ஏப்ரல் 10, குருத்து ஞாயிறு. ஜெர்மன் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்து நான்கு வாரம் ஆகியிருந்தது. நாட்டை விழுங்கியாயிற்று, விழுங்கியது சரிதானா என்று மக்களைக் கேட்கும் சடங்கு அன்று நடந்தது. வாக்குச்சீட்டில் 'ஆம்' என்பதற்குப் பெரிய வட்டம், 'இல்லை' என்பதற்கு ஓரமாக ஒரு சின்ன வட்டம். எதில் குறி போட வேண்டும் என்பதைச் சீட்டே சொல்லிவிடும். ஆம் என்றவர்கள் 99.7 சதவீதம் என்று அறிவித்தார்கள்.

ஜெர்மன் எல்லையையொட்டி, சால்ஸாக் ஆற்றங்கரைப் பக்கம், சங்க்ட் ராடெகுண்ட் என்றொரு சிற்றூர். ஹிட்லர் பிறந்த பிரவுனாவ் இருக்கும் அதே மாவட்டம். அந்த ஊரில் அன்று ஒரே ஒரு 'இல்லை' விழுந்தது. ஊர் நிர்வாகம் அதைக் கணக்கில் காட்டவில்லை. எல்லாரும் ஒருமனதாக ஆம் என்றார்கள் என்று மேலே எழுதி அனுப்பிவிட்டார்கள். ஊர் மானத்தைக் காக்கவோ, போட்டவரின் தலையைக் காக்கவோ, இரண்டுக்குமாகவோ. போட்டவர் ஃபிரான்ஸ் யேகர்ஸ்டேட்டர் என்ற விவசாயி. அப்போது வயது 30.

புனிதர் சரித்திரம் எழுதுகிறவர்கள் இவருடைய இளமையை வேகமாகத் தாண்டிப் போய்விடுவார்கள். தாண்டக்கூடாத இடம் அது. தாய் ஒரு பண்ணை வேலைக்காரி. கல்யாணம் செய்துகொள்ளக் கையில் காசில்லாததால் மணமாகாமலேயே பிள்ளை பிறந்தது. பெற்ற தகப்பன் முதல் உலகப்போரில் செத்துப்போனார். பாட்டியிடம் வளர்ந்த பையனை, பின்னால் தாயை மணந்துகொண்ட விவசாயி தத்தெடுத்துத் தன் பெயரைக் கொடுத்தார். வாலிபத்தில் அடிதடிக்கு அஞ்சாதவர். இரும்புச் சுரங்கத்தில் சில ஆண்டு வேலை பார்த்துவிட்டு, ஊருக்குள் முதல் மோட்டார் சைக்கிளை ஓட்டிக்கொண்டு வந்தவர். 1933இல் கல்யாணம் ஆகாமலே ஒரு பெண் குழந்தைக்குத் தகப்பன். பிறவியிலேயே பக்திமான் என்று சொல்ல இடமில்லை. 1936இல் பெரிய வியாழன் அன்று ஃபிரான்ஸிஸ்காவைக் கைப்பிடித்தார். கல்யாணமான கையோடு இருவரும் ரோமாபுரிக்குப் போய்வந்தார்கள். அந்தப் பெண்தான் அவரை ஆண்டவரிடம் இழுத்துக்கொண்டு போனாள் என்று ஊர் பிற்பாடு பழி சொன்னது. பழி என்பதை எடுத்துவிட்டுப் பார்த்தால் அதில் பாதி உண்மை.

மூன்று பெண் குழந்தைகள் பிறந்தன. 1941 முதல் ஃபிரான்ஸ் ஊர்க் கோயிலுக்குக் கோயில்பிள்ளை: மணி அடிப்பது, பூசைக்குப் பீடத்தை ஒழுங்குபண்ணுவது, சாமியாருக்கு உதவுவது. நம் தென்மாவட்டத்துக் கத்தோலிக்கக் கிராமங்களில் கோயில்பிள்ளை என்றால் ஒரு சித்திரம் எழும்: சாமியாருக்கும் ஊருக்கும் நடுவில் ஓடித் திரிகிற, இரண்டு பக்கமும் ஏச்சு வாங்குகிற மனிதர். ஏறக்குறைய அப்படித்தான். ஆனால் இவர் அடக்க பூசைகளுக்கு வருகிற காணிக்கையில் தன் பங்கை வாங்கமாட்டார். ஆட்சி கொடுத்த குழந்தைகள் உதவித்தொகையை வாங்கமாட்டார். புயலில் விளைச்சல் அழிந்தபோது வந்த நிவாரணத்தையும் வேண்டாம் என்றார். தெருவில் எதிர்ப்பட்டவர் 'ஹைல் ஹிட்லர்' என்றால், 'ப்ஃபூய் ஹிட்லர்' என்று பதில். நம் ஊரில் 'தூ' என்பார்களே, அது.

இதையெல்லாம் படிக்கும்போது, இந்த மனிதருடன் ஒரே ஊரில் குடியிருப்பது எளிதாக இருந்திருக்காது என்று தோன்றுகிறது. வாங்காமல் இருப்பவர், வாங்குகிறவரைப் பார்த்து ஒன்றும் சொல்லாவிட்டாலும் ஏதோ சொன்ன மாதிரிதான் இருக்கும்.

*

இந்தத் துணிவு எங்கிருந்து வந்தது? வேறெங்கும் இருந்து இல்லை, திருச்சபையிடமிருந்தேதான். 1933 ஜனவரியில் லின்ஸ் மறைமாவட்டத்தின் அப்போதைய ஆயர் கிஃபோல்னர் ஒரு சுற்றுமடல் விட்டார். நல்ல கத்தோலிக்கனாகவும் உண்மையான நாஜியாகவும் ஒரே சமயத்தில் இருக்க முடியாது என்பது அதன் சாரம். எல்லாக் கோயில்களிலும் பிரசங்கப் பீடத்திலிருந்து வாசித்தார்கள். ஃபிரான்ஸ் அதைக் கேட்டார், நம்பினார். ஐந்தே ஆண்டில், 1938 மார்ச் 18இல், ஆஸ்திரிய ஆயர்கள் கூடி, வாக்கெடுப்பில் ஆதரித்து ஓட்டுப் போடுவது கடமை என்ற தொனியில் அறிக்கை விட்டார்கள். வியன்னாவின் கர்தினால் இன்னிட்சர் அதோடு அனுப்பிய கடிதத்தில் தன் கையாலேயே 'ஹைல் ஹிட்லர்' என்று எழுதிக் கையெழுத்திட்டார். மேலே இருப்பவர்கள் பேச்சை மாற்றிக்கொண்டதும் கீழே இருந்தவர்கள் பெரும்பாலோர் மாற்றிக்கொண்டார்கள். இந்த ஒருவர் முதலில் கேட்ட பேச்சிலேயே நின்றுவிட்டார்.

1938 ஜனவரியில் அவருக்கு ஒரு கனவு. மலையைச் சுற்றி வருகிறது அழகான ஒரு ரயில். பெரியவர்கள், குழந்தைகள் எல்லாரும் ஏறப் பாய்கிறார்கள். நரகத்துக்குப் போகிற ரயில் இது என்று ஒரு குரல். சில ஆண்டு கழித்து இதை நோட்டில் எழுதி, அந்த ரயில் நாஜிக் கட்சிதான் என்று தனக்குத்தானே பொருள் சொல்லிக்கொண்டார். கிராமத்துப் பள்ளிக்கூடத்தோடு படிப்பு முடிந்தவர். எழுத்துப்பிழைகளோடு நோட்டுப் புத்தகங்களில் எழுதி நிரப்பினார். கனவைவிட அந்த நோட்டில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொரு கேள்வி. 1941இல் ஜெர்மனி ரஷ்யா மீது பாய்ந்தபோது, கடவுள் இல்லை என்கிற போல்ஷ்விக்குகளுக்கு எதிரான அறப்போர் இது என்று பிரசங்கிகள் பேசினார்கள். ஃபிரான்ஸ் கேட்டது இது: கருத்தை எதிர்த்துத்தான் போர் என்றால், கனிமங்களும் எண்ணெய்க் கிணறுகளும் நல்ல விளைநிலங்களும் எதற்கு நடுவில் வருகின்றன? பெரிய இறையியலாளர்கள் பலர் தாண்டிப்போன இடத்தை, காணி நிலத்தின் அருமை தெரிந்த ஒரு குடியானவர் பார்த்துவிட்டார். பக்கத்து வயல்காரனைத் திருத்துகிறேன் என்று போகிறவன் வரப்பை ஏன் நகர்த்துகிறான் என்று கேட்பதற்கு இறையியல் தேவையில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எடுத்த எடுப்பிலேயே மறுத்தவர் அல்ல இவர். 1940இல் படைக்கு அழைத்தபோது போனார், உறுதிமொழி எடுத்தார், சீருடை போட்டார், என்ஸ் நகரில் வண்டி ஓட்டப் பயிற்சி பெற்றார். ஊர்த்தலைவர் முயற்சியால், பண்ணைக்கு ஆள் வேண்டும் என்ற காரணத்தில் 1941 ஏப்ரலில் வீடு திரும்பினார். பார்த்ததும் கேட்டதும், மனநோயாளிகளைக் கொல்கிறார்கள் என்ற செய்தி உட்பட, அவரை முடிவுக்குத் தள்ளின. இனி அழைத்தால் போவதில்லை.

*

முடிவைச் சொன்னதும் எல்லாரும் தடுத்தார்கள். தாய், சொந்தக்காரர்கள், ஊர்க்காரர்கள், சாமியார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. இதுதான் இந்தக் கதையில் என்னை உலுக்குகிற இடம். நாஜிகள் இதில் வருவது கடைசியில். அதற்கு முன்னால் அவர் தாண்ட வேண்டியிருந்தது அன்பையும் நல்ல புத்திமதியையும்.

கேள்விகளைத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு லின்ஸுக்குப் போய் ஆயரைப் பார்த்தார். கிஃபோல்னர் 1941இல் காலமாகிவிட்டார். இப்போது பொறுப்பில் இருந்தவர் யோசஃப் ஃப்லீசர். ஃபிரான்ஸிஸ்கா வெளியே காத்திருந்தார். ஆயர் சொன்னதன் சுருக்கம்: நீ குடும்பஸ்தன், உனக்குப் பொறுப்பு உன் குடும்பம், அரசாங்கம் செய்வதற்குப் பொறுப்பு அரசாங்கம். இந்தப் போர் நியாயமா அநியாயமா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியது நீ இல்லை. வெளியே வந்த ஃபிரான்ஸின் முகம் வாடியிருந்தது. தன்னை உளவாளி என்று ஆயர் சந்தேகப்பட்டிருக்கலாம், அதனால்தான் மனம்விட்டுப் பேசவில்லை என்று மனைவியிடம் சமாதானம் சொன்னாராம். ஆயர்களையும் சாமியார்களையும் கல்லெறியக்கூடாது, அவர்களும் சதையும் இரத்தமும்தானே என்று நோட்டிலும் எழுதி வைத்தார்.

ஆயர் புதிதாக ஒன்றும் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. அநியாயக்கார அரசனின் கீழ் இருந்தாலும், கட்டளைப்படி போரிடுகிற சிப்பாய் குற்றமற்றவனாக இருக்கலாம், கட்டளையின் பழி அரசனைச் சேரும் என்று புனித அகுஸ்தினார் ஒன்றரை ஆயிரம் ஆண்டுக்கு முன்பே எழுதியிருக்கிறார். அதற்கும் ஒரு நூறாண்டு முந்தி, 295இல், வட ஆப்பிரிக்காவின் தெவெஸ்தேயில் மாக்சிமிலியன் என்ற 21 வயது இளைஞர், கிறிஸ்தவன் நான் படையில் சேர முடியாது என்று சொல்லித் தலையைக் கொடுத்து, புனிதராகவும் ஆனார். இரண்டும் ஒரே திருச்சபையின் நினைவில் இருக்கின்றன. அரசு அமைகிறபோதெல்லாம் முதலாவதைத்தான் கையில் எடுப்பார்கள். இரண்டாவது நாள்காட்டியில் இருக்கும்.

இந்தப் புத்திமதியின் கணக்கைக் கொஞ்சம் விரித்துப் பார்க்க வேண்டும். போர் என்ற பெரும்பாவத்தை எப்படிப் பங்கு வைக்கிறார்கள்? எழுத்தர் கோப்பை நகர்த்துகிறார். ரயில்வேக்காரர் பெட்டியைக் கோக்கிறார். விவசாயி தானியம் அளக்கிறார். சாமியார் கொடியை மந்திரிக்கிறார். சிப்பாய் கட்டளையை நிறைவேற்றுகிறார். தளபதியும் கட்டளையைத்தான் நிறைவேற்றுகிறார். ஒவ்வொருவர் பங்கையும் தனியாகக் கேட்டால் ஒன்றுமில்லை என்பார்கள். அவர்கள் பொய் சொல்வதாகவும் இருக்காது. ஒன்றுமில்லாதவற்றைக் கூட்டினால் கோடிக்கணக்கான பிணங்கள் வருகின்றன. மிச்சம் முழுவதும் உச்சியில் இருப்பவரின் தலையில் என்று சொல்லித் தப்பிக்கலாம்தான். ஆனால் உச்சியில் இருப்பவர் வரலாறு, விதி, தேசம் என்று இன்னும் மேலே கையைக் காட்டுவார். ஃபிரான்ஸ் செய்தது அந்தக் கூட்டலில் தன் பங்கைச் சைபர் என்று எழுத மறுத்தது மட்டுமே. போரை நிறுத்த முடியும் என்று அவர் நினைக்கவில்லை. தன் மறுப்பால் ஒரு தோட்டாகூடக் குறையாது என்பது அவருக்குத் தெரியும். தெரியாது என்று நினைத்து ஊரே அவருக்குச் சொல்லிக்கொண்டும் இருந்தது.

செய்த பிறகு வருந்துவது வேறு. கலிங்கப் போரில் லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள், ஒன்றரை லட்சம் பேர் பெயர்த்துக் கொண்டுபோகப்பட்டார்கள் என்று அசோகரின் பதின்மூன்றாம் பாறைக் கல்வெட்டு தானே ஒப்புக்கொள்கிறது. அரசர்களின் கல்வெட்டுகளில் அதற்கு இணை இல்லை. ஆனால் கலிங்கத்திலேயே இருக்கும் தௌலி, ஜௌகடா பாறைகளில் அந்தப் பதின்மூன்றாம் கட்டளையை வெட்டவில்லை. வருத்தப்பட்டதை அடிபட்டவர்களுக்கு மட்டும் சொல்லவில்லை. கலிங்கத்தைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை. வென்றவரின் மனசாட்சிக்கு இந்த வசதி உண்டு.

*

1943 பிப்ரவரியில் அழைப்பாணை வந்தது. ரயில் நிலையத்தில் புருஷனும் மனைவியும் ஒருவர் கையை ஒருவர் விடாமல் நிற்க, வண்டி நகர்ந்து பிரித்துவிட்டது என்கிறார்கள். மார்ச் தொடக்கத்தில் என்ஸ் முகாமுக்குப் போய், ஆயுதம் ஏந்திப் போரிட முடியாது என்று சொன்னார். லின்ஸ் சிறை, மே மாதம் பெர்லினின் தேகல் சிறை. மருத்துவப் பிரிவில் வேண்டுமானால் வேலை செய்கிறேன் என்றும் சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை. ஜூலை 6ஆம் தேதி ராணுவ உயர் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. படையின் வலிமையைச் சிதைத்தார் என்பது குற்றம்.

தேகலில் அவரைச் சந்தித்த குரு ஒருவர் ஒரு தகவல் சொன்னார். ஃபிரான்ஸ் ரைனிஷ் என்ற ஆஸ்திரியக் குரு, ஹிட்லருக்கு உறுதிமொழி எடுக்க மறுத்ததற்காக ஓராண்டுக்கு முன்னால் இதே வழியில் போனார் என்பது. அதைக் கேட்டு ஃபிரான்ஸ் பெரும் ஆறுதல் அடைந்தாராம். அதுவரை அவருக்குக் கிடைக்காமல் இருந்தது அதுதான். தன்னைப் போல் நினைத்த ஒரே ஒரு கத்தோலிக்கர். கோடிக்கணக்கான விசுவாசிகள் உள்ள சபையில் அவர் தேடியது ஒருவரை, கிடைத்தவர் செத்துப்போயிருந்தார்.

ஆகஸ்ட் 9, பிராண்டன்பர்க் சிறை, மாலை 4 மணி, கில்லட்டின். கையெழுத்துப் போட்டால் தப்பிக்கலாம் என்ற தாள் கடைசி நேரம்வரை மேசையில் கிடந்தது. தொடவில்லை.

இதைச் சட்டென்று தாண்டிவிட்டேன். வேண்டுமென்றேதான். சாவின் வீரத்தில் மயங்கினால் ஃபிரான்ஸிஸ்காவைப் பார்க்க முடியாமல் போகும்.

முதலில் அவரும் கெஞ்சியிருக்கிறார். பிறகு, ஊரே சேர்ந்து எதிர்க்கும்போது நானும் எதிர்த்தால் அவருக்கென்று ஒருவரும் இருக்கமாட்டார்கள் என்று தன் பேச்சை நிறுத்திக்கொண்டார். பல ஆண்டு கழித்து அவரே சொன்னது இது. புருஷன் எடுத்த முடிவை ஏற்றுக்கொண்டார் என்றுகூடச் சொல்ல முடியாது. தனியாக விட மறுத்தார். மனசாட்சியைப் பற்றிய புத்தகங்களில் இந்த வகைச் செயலுக்குப் பெயர் இல்லை. அவர் நம்பியது ஒரு கொள்கையையா, புருஷனையா என்று பிரித்துக் கேட்டால் விடை கிடைக்காது.

1943இன் அந்த வசந்தகாலத்தில் அவருடைய கடிதங்கள் முழுக்கப் பண்ணை. உழவு, விதைப்பு, மாடு, தீவனம், குழந்தைகளின் சேட்டை. சிறையிலிருந்து ஃபிரான்ஸ் எழுதியதும் நிலத்தைப் பற்றி விசாரித்தே. ஒரு புகைப்படம் இருக்கிறது. மூன்று சிறுமிகள் வரிசையாக நிற்கிறார்கள். கையில் ஒரு அட்டை. 'அன்பு அப்பா, சீக்கிரம் வாங்க' என்று அதில் எழுதியிருக்கிறது. சிறைக்கு அனுப்பிய படம். அதைப் பார்த்துக்கொண்டு மறுப்பில் நிற்பது என்றால் என்ன என்று நான் யோசித்துப் பார்க்கத் துணிவதில்லை. ஜூலையில் ஊர்ச் சாமியாரையும் அழைத்துக்கொண்டு பெர்லினுக்கு ரயிலேறினார் ஃபிரான்ஸிஸ்கா. சாமியார் மனதை மாற்றுவார் என்று வழக்கறிஞர் நம்பினார். இருபது நிமிடம் கொடுத்தார்கள். அதில் பெரும்பகுதியைச் சாமியாரின் புத்திமதி தின்றது.

பிள்ளைகுட்டிக்காரன் இப்படிச் செய்யலாமா? தமிழ் வாசகருக்கு முதலில் எழும் கேள்வி இது. ராடெகுண்ட் ஊரும் இதைத்தான் கேட்டது. ஆயர் கேட்டதும் இதுதான். இதற்கு என்னிடம் எளிய பதில் இல்லை. ஆனால் கேள்வியைத் திருப்பிப் பார்த்தால் ஒன்று தட்டுப்படுகிறது. அதே ஊரிலிருந்து கட்டளைக்குப் பணிந்து போர்முனைக்குப் போனவர்களிலும் பிள்ளைகுட்டிக்காரர்கள் இருந்தார்கள். அவர்களிலும் திரும்பாதவர்கள் உண்டு. அந்தப் பெண்டாட்டிகளிடம் யாரும் போய், உன் புருஷன் குடும்பத்தை நினைத்துப் பார்த்தானா என்று கேட்கவில்லை. அந்தப் பிள்ளைகள் அநாதையானதற்குப் பெயர் தியாகம். இந்தப் பிள்ளைகள் அநாதையானதற்குப் பெயர் பிடிவாதம். குடும்பத்தை நினை என்ற நியாயம் மறுக்கிறவருக்கு மட்டும் எடுத்துச் சொல்லப்படுகிற நியாயம். போகிறவனுக்கு அதைச் சொன்னால் அது ராஜத்துரோகம்.

*

1945இல் போர் முடிந்தது. நாஜிகள் ஒழிந்தார்கள். இனி ஃபிரான்ஸுக்கு நல்ல பெயர் என்றுதானே நினைப்போம்? நடக்கவில்லை. அவரைப் பற்றிய கட்டுரை ஒன்றை 1946இல் மறைமாவட்டப் பத்திரிகையில் போட ஆயர் ஃப்லீசர் சம்மதிக்கவில்லை. கடமை என்று நம்பிப் போரிட்டு மடிந்த நல்ல கத்தோலிக்க இளைஞர்களே பெரிய வீரர்கள், இவருடையது தனிப்பட்ட மனசாட்சி, பின்பற்றத்தக்க முன்மாதிரி அல்ல என்பது அவர் தரப்பு. போரில் பாதிக்கப்பட்டோருக்கான உதவித்தொகையை ஃபிரான்ஸிஸ்காவுக்கு 1950வரை தரவில்லை. புருஷன் ஆஸ்திரியாவின் விடுதலைக்காகப் போராடிச் சாகவில்லையாம். போரிட்டிருந்தால் போர்வீரரின் விதவை. எதிர்த்து ஆயுதம் எடுத்திருந்தால் போராளியின் விதவை. கொல்ல மாட்டேன் என்று மட்டும் சொன்னவரின் விதவைக்குப் படிவத்தில் கட்டம் இல்லை. ஊர்ப் போர் நினைவுச்சின்னத்தில் அவர் பெயரைச் சேர்ப்பதற்கும் எதிர்ப்பு இருந்தது.

ஊரின் மேல் கோபப்படுவது சுலபம். எனக்கு அந்தக் கோபம் நீடிக்கவில்லை. ஒரு தாயை நினைத்துப் பாருங்கள்: மகன் கிழக்கு முனையில் எங்கோ பனியில் செத்தான், உடல்கூட வரவில்லை. கோயிலில் பூசை வைத்து, கடமையைச் செய்து மடிந்தான் என்று சாமியார் சொன்ன சொல்லைப் பிடித்துக்கொண்டு நாளைக் கடத்துகிறாள். ஃபிரான்ஸ் செய்தது சரி என்று அவள் ஒப்புக்கொண்டால், மகன் செத்தது எதற்காக? செத்தது மட்டுமா, சாவதற்கு முன்னால் அவன் செய்தது என்ன? அந்தக் கேள்விக்குள் இறங்க அவளால் முடியாது. ஃபிரான்ஸுக்குப் புத்தி பேதலித்துவிட்டது, பைபிளை அளவுக்குமேல் படித்துக் கெட்டுப்போனான் என்று சொல்லிவிடுவது அதைவிட எளிது. போரின் தார்மீகச் செலவு என்று பேசும்போது குண்டு போட்டவர்களின் குற்றவுணர்ச்சியைத்தான் பெரும்பாலும் பேசுகிறோம். உண்மையைத் தாங்க வலுவில்லாமல் ஒரு ஊரே ஒரு நல்ல மனிதனைப் பைத்தியம் என்று முடிவுகட்ட வேண்டியிருந்ததே, அதுவும் அந்தச் செலவில் சேர்ந்ததுதான்.

இந்த நடுவில் ஃபிரான்ஸிஸ்கா என்ன செய்தார்? பண்ணையைப் பார்த்தார், பிள்ளைகளை வளர்த்தார். புருஷன் பார்த்த கோயில்பிள்ளை வேலையைத் தானே எடுத்துக்கொண்டார். ஏசிய ஊருக்கு அவர் கையால்தான் பீடம் ஒழுங்கானது. 2013 மார்ச்சில் நூறு வயது முடிந்த சில நாளில் இறந்தார். ஏறக்குறைய எழுபது ஆண்டு விதவை.

*

வெளியுலகுக்கு இவரைக் கொண்டுவந்தவர் கோர்டன் ஸான் என்ற அமெரிக்க சமூகவியலாளர். இரண்டாம் உலகப்போரில் தானே ஆயுதம் எடுக்க மறுத்த கத்தோலிக்கர். ஹிட்லரின் போர்களுக்கு ஜெர்மன் கத்தோலிக்கர்கள் எப்படி ஒத்துப்போனார்கள் என்று ஆராயப் போன இடத்தில், ஒத்துப்போகாத இந்த ஒருவர் அகப்பட்டார். ராடெகுண்டுக்குப் போய் ஊர்க்காரர்களைக் கேட்டு எழுதிய புத்தகம் 1964இல் வந்தது. மறு ஆண்டு இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் ஃபிரான்ஸின் கதையை எடுத்துச் சொன்னவர் தாமஸ் ராபர்ட்ஸ். ஆங்கிலேயர் ஆட்சியில் பம்பாய்க்குப் பேராயராக வந்து, அந்தப் பதவிக்கு இந்தியர் ஒருவர் வரட்டும் என்று 1946இல் ஒதுங்கிப்போன இயேசு சபைக் குரு. ஆயுதம் ஏந்த மனசாட்சிப்படி மறுப்பவர்களுக்குச் சட்டங்கள் இடம் தர வேண்டும் என்ற வரி அந்தச் சங்கத்தின் ஏட்டில் ஏறியது. தயங்கித் தயங்கி எழுதிய வரிதான். ஆனாலும் லின்ஸ் ஆயர் இல்லம் இருபது ஆண்டுக்கு முன்னால் நின்ற இடத்திலிருந்து அது வெகுதூரம்.

1997இல் பெர்லின் நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. 2007 அக்டோபர் 26, ஆஸ்திரியாவின் தேசிய நாளில், லின்ஸ் பேராலயத்தில் அவரை முத்திப்பேறு பெற்றவர் என்று அறிவித்தார்கள். எந்த மறைமாவட்டம் அவரை வீட்டுக்குத் திருப்பி அனுப்பப் பார்த்ததோ அதே மறைமாவட்டம். 94 வயது ஃபிரான்ஸிஸ்கா முன்வரிசையில் இருந்தார். பிறகு இயக்குநர் டெரன்ஸ் மாலிக் அவர் கதையைப் படமாகவும் எடுத்தார்.

எனக்கு இதில் ஓர் உறுத்தல். பீடத்தில் ஏற்றிவிட்டால் அவர் நம் வழியில் குறுக்கே நிற்கமாட்டார். அவர் புனிதர், நாம் சாதாரண ஜனங்கள் என்று சொல்லிக்கொண்டு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்துவிடலாம். மோட்டார் சைக்கிளும், அடிதடியும், கல்யாணத்துக்கு முந்தின பிள்ளையும் அதற்காகத்தான் மறக்கக்கூடாதவை. சாதாரண ஆள் என்பதற்கு அவை அத்தாட்சி.

இன்னும் பெரிய உறுத்தல் சட்டத்தில் இருக்கிறது. எல்லாப் போரும் பாவம் என்று சொன்னவர் அல்ல ஃபிரான்ஸ். இந்தப் போர் அநியாயம், ஆகவே வரமாட்டேன் என்றார். நியாயமான போர் உண்டு, அநியாயமான போர் உண்டு, நிறுத்துப் பார் என்று அவருடைய சபை நூற்றாண்டுகளாகக் கற்பித்ததைத்தான் செய்தார். அதையே செய்த லூயிஸ் நெக்ரே என்ற கத்தோலிக்க இளைஞர் 1960களின் இறுதியில் அமெரிக்க ராணுவத்தில் இருந்தார். வியட்நாமுக்குப் போகச் சொன்னபோது, தன் மதம் கற்பித்தபடி பார்த்தால் இந்தப் போர் அநியாயமானது, போக மாட்டேன், விடுவியுங்கள் என்று விண்ணப்பித்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1971 மார்ச் 8இல் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பு: எந்த வடிவத்திலும் போரே கூடாது என்பவருக்குத்தான் விலக்கு, குறிப்பிட்ட ஒரு போரை மறுப்பவருக்கு இல்லை. அவர்கள் சொன்ன காரணம் அற்பமானதல்ல. ஒவ்வொருவரும் ஒவ்வொரு போரையும் எடைபோட ஆரம்பித்தால், யாருடைய மறுப்பு மனசாட்சி, யாருடையது அரசியல் என்று எந்த அதிகாரியால் நேர்மையாகப் பிரிக்க முடியும் என்று கேட்டார்கள். அரசுக்கு அது தொல்லைதான். எல்லாவற்றையும் மறுப்பவரை ஓரமாக உட்கார வைத்துவிடலாம். யோசித்துப் பார்த்து ஒன்றை மட்டும் மறுப்பவர், அந்த ஒன்று ஏன் தப்பு என்று சொல்லிக்கொண்டே இருப்பார்.

அந்தத் தீர்ப்பு இன்றும் மாறவில்லை. லின்ஸ் பேராலயம் போற்றும் அதே விவசாயி அந்த நீதிமன்றத்துக்குப் போயிருந்தாலும் தோற்றுத்தான் திரும்பியிருப்பார். தலை தப்பியிருக்கும். அது சின்ன வித்தியாசம் என்று நான் சொல்ல மாட்டேன்; ஃபிரான்ஸிஸ்காவும் சொல்லியிருக்க மாட்டார்.